அத்தையின் படிவத்தில் நான் எழுதிய "இல்லை"

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, உன் அம்மாவின் முழங்காலை விட்டுவிட்டுப் பார்த்தால் அது பெரிய பொய்யும் இல்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நாலு மனிதர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. அம்மா இப்போது காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நூறு தடவை காலைத் தூக்கி இறக்குகிறாள், எண்ணிக்கையை நான் சொல்ல வேண்டும், எழுபதுக்கு அப்புறம் நான் வேண்டுமென்றே எண்களை விழுங்குகிறேன் என்று என்மேல் குற்றச்சாட்டு. பக்கத்து வீட்டுத் தையல்காரர் புது மெஷின் வாங்கியிருக்கிறார், அதன் சத்தத்தில் நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. உன் அறையில் மழைத்தண்ணீர் இறங்கிய இடத்தைப் பூசியாகிவிட்டது, சுண்ணாம்புதான் இன்னும் அடிக்கவில்லை. போனில் பேசாமல் இந்த ஆள் எதற்குத் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நீ யோசிப்பாய். போனில் சொல்லிப் பார்க்கலாம் என்று மூன்று முறை எடுத்தேன் கண்ணா, மூன்று முறையும் அங்கே வெயிலா மழையா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முகம் தெரியாமல் எழுதினால்தான் எனக்கு வரும் போலிருக்கிறது.

உன் அத்தைக்கு மாரடைப்பு என்றுதான் நாலு மாதத்துக்கு முன் உன்னிடம் சொன்னோம். அது உண்மை இல்லை. கடைசியில் எல்லோருக்கும் இதயம்தானே நிற்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான், அம்மாவுக்கு அதில் சம்மதம் இல்லை. நடந்ததை இப்போது உள்ளபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி. நானும் அவளும் வேலை பார்த்த எடை அறையை நீ உள்ளே வந்து பார்த்ததில்லை. இருமல் சிரப் தயாரிக்கிற கம்பெனி என்றால் வெளியே இருப்பவர்களுக்குப் பாட்டிலும் சர்க்கரைப் பாகும்தான் ஞாபகம் வரும். அந்தப் பாகுக்குள் இருமலை அடக்குகிற மருந்து என்று ஒன்று இருக்கிறது, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்று வாய்க்குள் நுழையாத பேர், நாங்கள் டெக்ஸ் என்போம். டிரம்மில் இரட்டைப் பாலித்தீன் பைக்குள் வரும், முகப்பவுடர் மாதிரி வெள்ளையாக, நைசாக இருக்கும். ஒரு பெரிய கொப்பரைச் சிரப்புக்கே கொஞ்சம்தான் போடுவோம். ஒரு தேக்கரண்டி சிரப்பில் போகிற அளவுக்கு அது மருந்து, அளவு தப்பினால் அது வேறு ஆள். அதனால் அந்த அறைக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. பையைத் தூசு உறிஞ்சும் கூண்டுக்குள் தாழ்வாக வைத்துத்தான் வாயைப் பிரிக்க வேண்டும், கரண்டியால் மெதுவாக அள்ள வேண்டும், கொட்டக் கூடாது. முகத்தோடு ஒட்டுகிற மாஸ்க், கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டிருக்க வேண்டும். கீழே சிந்தினால் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், கூட்டினால் பாதி நம் மூக்குக்குள்தான் வரும். உள்ளே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அந்த உடுப்போடு வீட்டுக்கு வரக் கூடாது. உதட்டை நக்கிப் பார்த்துக் கசந்தால் மாஸ்க் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், அது புத்தகத்தில் இல்லை, உன் அத்தை கண்டுபிடித்தது.

அந்த அறையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தராசு என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். கடைசிக் கரண்டியை அள்ளிவிட்டு, தட்டில் போடும் முன்னாலேயே எவ்வளவு வரும் என்று வாயால் சொல்லுவாள், போட்டால் அதே எண் நிற்கும். எங்கள் மேனேஜருக்கு வாய்ப்பந்தல் என்று பேர் வைத்ததும் அவள்தான், அது வேறு பிரிவுக்கெல்லாம் பரவி ஒரு நாள் மேனேஜரின் டிரைவரே அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமா விபத்தில் போன பிறகு அவள் நம் வீட்டு மாடி அறைக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் எப்படி இருந்தாள் என்பதும் உனக்குக் கொஞ்சம் தெரியும். சமைத்ததைச் சாப்பிடாமல், தலை வாராமல், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேலைக்கு மட்டும் ஒரு நாளும் தவறாமல் வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே என்னிடம் வந்து, அண்ணா எனக்கு மனசு சரியில்லை, டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன், மாத்திரை குடுத்திருக்காங்க, அண்ணிகிட்டகூடச் சொல்லாதே என்றாள். முதலில் கொடுத்த இரண்டு வகை ஒத்துக்கொள்ளாமல், மூன்றாவதாக ஒரு பழைய வகை மாத்திரை கொடுத்தார்கள். அது வேலை செய்தது. மெல்ல மெல்ல எழுந்து வந்தாள், மறுபடி கேலி பேச ஆரம்பித்தாள். அந்த மாத்திரையோடு எதெல்லாம் சேரக் கூடாது என்று ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள், அதை யார் கண்ணிலும் படக்கூடாது என்று தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். அவள் போன பிறகுதான் அதை எடுத்துப் பார்த்தேன். மேலே இருந்து மூன்றாவது வரியில் நாங்கள் தினமும் அள்ளுகிற பவுடரின் பேர் இருந்தது. அவள் அதைப் படித்தாளா, படித்தும் கையால் அள்ளுவதற்கும் வாயால் சாப்பிடுவதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தாளா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

வருஷத்துக்கு ஒரு முறை எங்களுக்கு உடல்நலப் படிவம் ஒன்று கொடுப்பார்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்து ஏதாவது உண்டா என்று அதில் ஒரு கேள்வி. போன வருஷம் அவள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள், நான்தான் அவளுக்கும் சேர்த்து நிரப்பினேன். அந்தக் கேள்வி வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். இல்லைன்னு போடு அண்ணா, பைத்தியம்னு பேர் வாங்கிக்கிட்டு பாட்டில் கழுவப் போக எனக்கு இஷ்டமில்லை என்றாள். நான் அந்த ஷிப்டின் சூப்பர்வைசர். அந்தக் கேள்வி எதற்கு இருக்கிறது என்று அங்கே இருப்பவர்களில் எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். இல்லை என்று எழுதினேன். நல்ல தெளிவான கையெழுத்தில்.

அது நடந்து பல மாதம் கழித்து, தூசு உறிஞ்சும் மெஷினின் ஃபில்டர் போய்விட்டது. உறிஞ்சலைக் காட்டுகிற முள் பச்சைக் கோட்டுக்குக் கீழே இறங்கி நின்றது. முதல் இரண்டு நாளும் பதிவேட்டில் உறிஞ்சல் குறைவு என்று எழுதி மேனேஜரிடம் காட்டினேன். நாளைக்கே வந்துடும், அதுவரைக்கும் மாஸ்க் இருக்கே என்றார். மூன்றாம் நாள் எழுதப் போனேன், தினமும் ஒப்பாரி வைக்கிறீங்களே என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்கப்புறம் ஏழு நாள் நான் சரி என்று டிக் போட்டேன். அந்த நாட்களில் விளக்கைப் பார்த்தால் அதன் கீழே பவுடர் மிதப்பது கண்ணுக்கே தெரியும். அதே சமயம் பார்த்து அவளுக்குச் சளியும் இருமலும் வந்தது. இருமும்போது மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்குவாள், உள்ளே ஈரமாகிவிட்டது என்று துடைத்துத் திரும்பப் போடுவாள். போதாததற்கு லேபிள் கிழிந்த சிரப் பாட்டில்களைப் பணியாட்களுக்குக் கொடுப்பார்கள் இல்லையா, அதில் ஒன்றை வாங்கி இடைவேளையில் மூடியால்கூட அளக்காமல் அப்படியே இரண்டு வாய் குடிப்பாள். ஒரு மில்லிகிராம் பிசகாமல் நிறுக்கிறவள், தன் வாய்க்கு மட்டும் அளவு பார்க்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டுதான் இருந்தேன். நம்ம சரக்கை நாமே குடிக்கலைன்னா யார் குடிப்பா என்று சிரித்தாள், நானும் சிரித்தேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். தராசின் எண் நிற்கவில்லை, ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தராசில்தான் கோளாறு என்று நினைத்து நான் அதைச் சரி பார்க்கக் குனிந்தபோதுதான் அவள் கையைப் பார்த்தேன். கரண்டி பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. ரொம்பப் புழுங்குது அண்ணா என்றாள், அவள் உடுப்பு முதுகோடு ஒட்டிப் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. காய்ச்சல் என்று நினைத்து வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கால் மணி நேரத்தில் பாட்டில் பிரிவுப் பெண் ஓடி வந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அத்தை பெஞ்சிலிருந்து தரையில் சரிந்து கிடக்கிறாள், கண் ஒரு இடத்தில் நிற்காமல் அலைகிறது, முழங்கால்கள் தானாகத் துள்ளுகின்றன, தாடை இறுகிப் பேச்சு வரவில்லை, தொட்டால் உடம்பு நெருப்பாகச் சுடுகிறது. கம்பெனி நர்ஸ் வந்து நாடி பார்த்துக்கொண்டே, இவங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா என்று என்னைக் கேட்டார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், மேனேஜர் நிற்கிறார். அத்தை தரையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். இல்லை என்று சொன்னேன்.

அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் கண்ணா. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, படிவத்தில் பொய் எழுதியது நான் என்று வெளியே தெரிந்துவிடுமே என்கிற பயம். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, வயது உன்னைவிட நாலைந்து கூட இருக்கும், இதையே மறுபடி கேட்டார். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அப்போதுதான் சொன்னேன். உடனே அவர் எழுந்து போய் எல்லாவற்றையும் மாற்றினார், வேறு ஊசி, ஐஸ், மெஷின் என்று ஓடினார்கள். பிறகு வந்து எனக்கு விளக்கினார். மனசை அமைதிப்படுத்த மூளையில் சுரக்கிற ஒரு சத்து உண்டாம். அத்தையின் மாத்திரை அது சீக்கிரம் கரைந்து போகாமல் காக்கிறதாம், அதனால்தான் அவளுக்குக் குணமானது. இந்த இருமல் மருந்தும் அதே சத்தைத் தேக்கி வைக்கிறதாம். தனித்தனியாக இரண்டும் நல்ல மருந்து, ஒரே உடம்பில் சேர்ந்தால் தேங்கித் தேங்கி உடம்பே கொதிக்கிறது என்றார். வெறும் தூசு மட்டும் இப்படிச் செய்திருக்காது, குடிச்சதுதான் முக்கியமான காரணம், தூசும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம் என்றார். முன்னாடியே சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாளா என்று கேட்டேன். அவர், தெரியலை ஐயா, ஒன்றேகால் மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சிருப்போம், அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும் என்றார். பொய் சொல்லி என்னை ஆற்றவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

அன்று சாயங்காலம் அத்தைக்குக் கொஞ்சம் தெளிந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். வாய் இன்னும் சரியாகத் திறக்கவில்லை, குனிந்து காதைக் கொடுத்தேன். சொல்லிட்டியா என்று கேட்டாள். சொல்லிட்டேன்மா, எல்லாத்தையும் சொல்லிட்டேன் என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்பாடா என்றாள். அவ்வளவுதான், கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ வருஷம் அந்த மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்ட களைப்பு அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. மறுநாள் சிறுநீரகம் நின்றது, மத்தியானம் போய்விட்டாள்.

அப்புறம் விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மேனேஜர், தொழிலாளி மருந்தை மறைச்சிருக்காங்க, நாங்க என்ன செய்ய முடியும் என்று ஆரம்பித்தார். நான் எழுந்து, மறைத்தது அவள் மட்டும் இல்லை, படிவத்தில் இருப்பது என் கையெழுத்து, பதிவேட்டில் ஏழு டிக்கும் என்னுடையது, அதற்கு முந்தைய இரண்டு நாள் எழுதியதையும் படித்துப் பாருங்கள் என்றேன். அவள் இறந்த நாலாம் நாள் புது ஃபில்டர் வந்து மாட்டினார்கள். என்னை லேபிள் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள், அது நியாயம்தான். மேனேஜரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். பழைய ஆட்களில் சிலர் என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறார்கள், சிலர் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள், இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் வலிக்கிறது. படிவத்தை இப்போது யாரும் நிரப்பிக் கொடுக்க வேண்டாம், ஒரு டாக்டர் வந்து தனி அறையில் ஒவ்வொருவராகக் கேட்கிறார். போன மாதம் இரண்டு பெண்கள் தாங்களும் மனசுக்கு மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் போல. யாரும் அவர்களைப் பைத்தியம் என்று சொல்லவில்லை, பாட்டில் கழுவவும் அனுப்பவில்லை. டெக்ஸ் நிறுக்கும் நாளில் மட்டும் அவர்களுக்கு வேறு மேஜை. அவ்வளவுதான் கண்ணா, வேறு மேஜை. அதைக் கேட்ட அன்று குடோனில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீயும் ஆறு மாதமாக மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்று நீ சத்தியம் வாங்கியிருந்தாயாம். போன வாரம் போனில் நீ பேச்சுக்கு நடுவில் ஓயாமல் இருமினாய், ஏதாவது சிரப் வாங்கிக் குடியேன் என்று நான் பழக்கத்தில் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்ததும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள், அழுகைக்கு நடுவில்தான் எல்லாம் வெளியே வந்தது. அவள்மேல் கோபப்படாதே, அவள் சத்தியத்தை உடைத்தது உன் உயிருக்காக. அதனால்தான் உடனே உன்னைக் கூப்பிட்டு எந்த மருந்தும் குடிக்காதே என்று அவள் மட்டும் சொன்னாள், நான் பக்கத்தில் ஊமையாக நின்றேன். நீ என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை, காரணம் எனக்குத் தெரியும். அத்தை மாடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், வேலை இல்லாத மனசுக்குத்தான் இந்த வியாதியெல்லாம் என்று நான் கூடத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். பாதியில் கை கழுவிவிட்டு எழுந்து போனாய். அவளுக்கும் அது மாடிவரை கேட்டிருக்கும். அவள் அதைக் கேட்டும் என்னிடம் வந்து சொன்னாளே, அந்தப் பெரிய மனசு அவளுக்கு இருந்தது. உன்னிடம் நான் அதை எதிர்பார்க்க முடியாது. அப்படிச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு.

நான் சொல்கிறதைக் கொஞ்சம் கேள். இந்தக் கடிதத்தைப் படித்துப் பயந்து மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்துவதும் கெடுதல் என்று அந்த டாக்டரம்மா சொன்னார். உன் மாத்திரை அத்தை சாப்பிட்ட வகையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது நீயோ நானோ இல்லை, உன் டாக்டர். இருமலோ சளியோ தலைவலியோ எதுவாக இருந்தாலும், மருந்துக் கடையில் முதலில் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, இதைச் சாப்பிடுகிறேன், இதோடு சேருமா என்று கேட்டுவிட்டு அப்புறம் வாங்கு. சாதாரண சிரப்தானே என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதே. கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கால் தானாகத் துள்ளினால் காய்ச்சல் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. உன்னோடு அறையில் இருக்கிற சமையல்கார நண்பரிடமும் சொல்லி வை, நீ பேச முடியாத நேரத்தில் அவர் சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தால் அப்பா சொல்லச் சொன்னார் என்று சொல்.

இருமலுக்கு வெந்நீரும் தேனும் போதும் என்று அம்மா பக்கத்தில் இருந்து எழுதச் சொல்கிறாள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே என்றும் சொல்கிறாள். அத்தையின் மாடி அறையை இன்னும் காலி செய்யவில்லை. லீவு கிடைத்து நீ வரும்போது மூன்று பேருமாகச் சேர்ந்து செய்யலாம், எனக்குத் தனியாக மேலே ஏற மனம் வரவில்லை. அவசரம் இல்லை, உன் சௌகரியம் பார்த்து வா.

உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும், எங்கள் ஆயுளில் கொஞ்சம் உனக்குப் போனாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். மறக்காமல் பதில் எழுது. பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம், உன் மாத்திரையின் பேரையும் எத்தனை வேளை என்பதையும் மட்டும் எழுதி அனுப்பினால் போதும். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். என் மகனைப் பற்றி யார் கேட்டாலும் இனிமேல் சரியாகப் பதில் சொல்லுவேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா